மாதிரி விடைகளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்: வேலைப் பட்டறை நடத்தும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

வணக்கம்.

கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கார் ஓட்டிக்கொண்டு பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வருகிறீர்கள். கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டு, பட்டம் முடித்த பிள்ளைகளுக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். யாரும் சம்பளம் கொடுத்து உங்களை அழைக்கவில்லை. வாரம் முழுக்க அலுவலகத்தில் உழைத்துவிட்டு, கிடைக்கிற ஒரு சனிக்கிழமையை இந்தப் பிள்ளைகளுக்காக விடுகிறீர்கள். அதற்கு நன்றி சொல்லாமல் இந்த மடலைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

இனி வருவதில் கொஞ்சம் குறையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்கு நீங்கள் புறப்பட்ட பிறகு, கோப்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் வந்து உட்காருவது என் வீட்டு முன்னறையில்தான். மண்டபத்தில் உங்களிடம் கேட்கத் தயங்கியதை எல்லாம் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்த வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டு ஆங்கிலமும் மலாயும் கற்பித்தேன். பிறந்தது பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில். அப்பா மரத்தில் பால் வெட்டினார், அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போனார். இப்போது அந்தத் தோட்டத்தில் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் போய்விட்டன, சனங்கள் தாமான் என்னும் புதுக் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் இது தோட்டத்து ஊர்தான். இங்கே ஒரு பிள்ளையிடம் "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டால் தாமான் பெயரைச் சொல்லாது, தாத்தா வேலை செய்த தோட்டத்தின் பெயரைத்தான் சொல்லும்.

கடந்த முறை பட்டறை முடிந்த மாலையில் ஒரு பெண் வந்தாள். கணக்கியல் பட்டதாரி. அன்று எழுதிய குறிப்பை என்னிடம் நீட்டினாள். காலையில் பேசியவர் சொன்னது: "நேர்காணலில் நீங்கள் நீங்களாகவே இருங்கள், நடிக்காதீர்கள்." சாப்பாட்டுக்குப் பிறகு பேசியவர் சொன்னது: "தோட்டம், லயம் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். ஊர் ஈப்போ நகரம் என்று சொல்லுங்கள். அப்பா என்ன வேலை என்று கேட்டால் விவசாயத் துறை என்று சொல்லிவிடுங்கள்." இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டிருந்தாள்.

"டீச்சர், இதுல நான் எதைச் செய்யறது?"

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. தேநீர் போடுகிறேன் என்று உள்ளே போனேன். அடுப்படியில் நின்றபோது 1984 ஞாபகம் வந்தது.

அப்போது நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்திருந்தேன். ஈப்போவில் ஒரு நிறுவனத்தில் குமாஸ்தா வேலைக்கு நேர்காணல். ஊரில் படித்தவர் என்று எல்லாரும் மதித்த ஒருவர் அப்பாவிடம், "தோட்டம்னு சொன்னா சேர்க்க மாட்டாங்க. ரப்பர் வியாபாரம்னு சொல்லச் சொல்லுங்க" என்றார். அப்பாவே என்னிடம் வந்து அதைச் சொன்னார். எனக்கு இன்றைக்கும் தாங்காதது அதுதான். என்னைப் பற்றிச் சொல்லாதே என்று பெற்ற மகளிடம் அவரே சொல்லும்படி ஆயிற்று.

சொன்னேன். எதிரில் இருந்த அதிகாரிக்கு ரப்பர் பற்றித் தெரியும் போல. ஆர்வமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். பாலாக வாங்குகிறாரா, ஷீட்டாக வாங்குகிறாரா? யாருக்கு விற்கிறார்? விலை இறங்கினால் கையிருப்பை என்ன செய்கிறார்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ரப்பரைப் பற்றி எனக்கா தெரியாது? விடிவதற்கு முன்னே ஏன் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் பால் ஏன் சீக்கிரம் நின்றுவிடும், பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம், அதற்கு மேல் போய் மரத்தில் காயம் பட்டால் என்ன ஆகும், ஸ்டோரில் பாலை எடை போட்ட பிறகு அதில் எத்தனை பங்கு ரப்பர் என்று எப்படிப் பார்க்கிறார்கள், மழை பெய்தால் அன்றைய கூலி என்ன ஆகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு போய்ப் பால் வடியும் மங்கு துடைத்தவள், மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் உரித்தவள் நான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்திருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன். ஆனால் நான் சொன்ன பொய் அந்தப் பக்கத்தை முழுக்க அடைத்துவிட்டது.

வெளியே வந்தேன். அப்பா மர நிழலில் நின்றிருந்தார். எனக்காகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய சிராப் தண்ணீரைக் கையில் பிடித்திருந்தார். பனிக்கட்டி முழுக்கக் கரைந்து, பையின் வெளிப்புறம் வியர்த்து, அவர் கை நனைந்திருந்தது. "அப்பா என்ன வேலைன்னு கேட்டாங்களாம்மா?" என்றார். "கேட்கலப்பா" என்றேன்.

அந்த வேலை கிடைக்கவில்லை. அது போகட்டும், எனக்கு வேறு நல்ல வழி அமைந்தது. நான் இதை எழுதக் காரணம், அன்று அப்பாவுக்குக் கிடைத்த யோசனையும் நல்ல மனத்தோடு சொல்லப்பட்டதுதான். நீங்களும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறீர்கள். நாற்பது வருடம் கழித்தும் அதே யோசனை எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சரி, அப்படியானால் காலையில் பேசியவர் சொன்னதுதான் சரியா? அதையும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

"நீ நீயாக இரு" என்பது எந்தப் பிள்ளைக்குப் போதும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா வங்கி மேலாளர், அம்மா வழக்கறிஞர். இரவுச் சாப்பாட்டில் அலுவலகப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. அந்தப் பிள்ளை தன் இயல்பில் இருந்தாலே நேர்காணல் குழுவுக்குப் பிடித்துப்போகும். ஏனென்றால் அவர்கள் வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான் பேசும். எங்கள் பிள்ளையின் இயல்பு வேறு. பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்தும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். தன்னைத் தானே உயர்த்திப் பேசுவது தப்பு என்று பாட்டி சொல்லி வளர்ந்தது. அதை எல்லாம் அப்படியே கொண்டுபோய் உட்கார வைத்தால், தன்னம்பிக்கை இல்லை என்று எழுதிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கம் வேண்டும், பயிற்சி வேண்டும். அதைக் கொடுக்காமல் "இயல்பாக இரு" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அவர்களைத் தனியே விடுவதுதான்.

ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசுவது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாத வித்தை ஒன்றும் இல்லை. அன்றைக்கு முன்னறையில் இன்னொரு பையனும் இருந்தான், இயந்திரவியல் படித்தவன். கால் மணி நேரத்துக்குள் அவனுக்கு மூன்று போன் வந்தது. பாட்டியிடம் தமிழில், "மருந்து சாப்பிட்டியா ஆயா?" என்று அதட்டினான். அவன் பகுதி நேரம் வேலை பார்க்கும் கடையின் மாக்சிக் என்னும் மலாய் அம்மாவிடம் மலாயில் குரலை இறக்கிப் பேசி, மறுநாள் வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டான். அப்புறம் விரிவுரையாளரிடம் ஆங்கிலத்தில், பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று அளந்து பேசினான். மூன்றிலும் அவன்தான் பேசினான், எதிலும் நடிக்கவில்லை. அவன் தாத்தா காலத்திலும் இப்படித்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் பேசுகிற பேச்சு வேறு, லயத்து வாசலில் பேசுகிற பேச்சு வேறு. நேர்காணல் என்பது அவனுக்கு நான்காவது போன், அவ்வளவுதான். இதை அவனுக்குச் சொன்னதும் முகம் தெளிந்தது. உங்கள் பட்டறையில் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆளை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்களோ என்ற பயம் பாதி போய்விடும்.

அந்தக் கணக்கியல் பெண்ணிடம் வருகிறேன். வேலைக்கு அனுப்பும் அவளுடைய தற்குறிப்பை வாங்கிப் பார்த்தேன். நீங்கள் கொடுத்த மாதிரித் தாளைப் பார்த்து எழுதியது. "கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவர், சமூக நிதி விழிப்புணர்வுத் திட்டத்தை வழிநடத்தியவர்" என்று ஆங்கிலத்தில் அழகாக இருந்தது. "இது என்னம்மா திட்டம்?" என்றேன். முதலில் தலையைக் குனிந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

அவள் அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். தினமும் எத்தனை குலை வெட்டினார் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வருவார். இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்திலிருந்தே இவள் அதை ஒரு பள்ளி நோட்டில் ஏற்றுவாள். தேதி, குலை எண்ணிக்கை, உதிரிப் பழம் எத்தனை கிலோ, காய் வெட்டியதற்குப் பிடித்தம் உண்டா. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுவாள். ஒரு மாதம் இரண்டு நாள் கணக்கே சீட்டில் ஏறவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவோடு அலுவலகத்துக்குப் போனாள். கிராணி செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, விடுபட்டதை ஒத்துக்கொண்டு, அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்தார். அது லயத்தில் பரவியது. ஒவ்வொரு வீடாகச் சீட்டுகள் வர ஆரம்பித்தன. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு எழுதும்வரை பதினொரு வீட்டுக் கணக்கை எழுதியிருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை!

இதைத்தான் அவள் "சமூக நிதி விழிப்புணர்வுத் திட்டம்" ஆக்கியிருந்தாள். முந்தைய நேர்காணலில் கேட்டார்களாம்: எத்தனை பேர் பங்கேற்றார்கள், நிதி யார் கொடுத்தது, எந்த அமைப்போடு சேர்ந்து செய்தீர்கள்? அவளுக்கு வாய் அடைத்துவிட்டது. 1984-இல் எனக்கு நடந்தது அப்படியே நடந்திருக்கிறது.

அன்று இரவு பத்தரை வரை உட்கார்ந்தோம். எதையும் கூட்டவில்லை, எதையும் மறைக்கவில்லை. கேட்பவர் யார் என்பதை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம். தணிக்கை நிறுவனம் என்றால், இரண்டு பதிவுகளை ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது, கையில் ஆதாரத்தோடு போய்ப் பேசியது, அது முன்னால் வரட்டும். தோட்ட நிறுவனத்தின் கணக்குப் பிரிவு என்றால், குலை பழுத்ததற்கு மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழம்தான் அடையாளம் என்பதும், வெட்டிய குலை ஆலைக்குப் போகத் தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறையும் என்பதும், அந்தத் தாமதம் கணக்கில் எங்கே இடிக்கும் என்பதும் இவளுக்குத் தெரியும். அதை அங்கே சொல்லலாம். மக்களோடு பழகும் வேலை என்றால், படிக்கத் தெரியாத அம்மாக்கள் தங்கள் சம்பளச் சீட்டை ஒரு சின்னப் பெண்ணிடம் நம்பிக் கொடுத்ததைச் சொல்லலாம். நோட்டு ஒன்றுதான். எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. லயம் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று கேட்டாள். தொழிலாளர் குடியிருப்பு என்று பொருள்படச் சொல், கேட்டால் விளக்கு, ஒளிக்காதே என்றேன்.

அப்புறம் அவளுக்கு ஒரு சோதனை சொன்னேன். தற்குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் மேலும் மூன்று கேள்வி கேட்டால், யோசிக்காமல் ஞாபகத்திலிருந்து பதில் வர வேண்டும். கற்பனை செய்ய வேண்டி வந்தால் அந்த வரியை அடித்துவிடு. இன்னொன்றையும் கேட்டேன்: அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் இதே வாக்கியத்தைச் சொல்வாயா? அவள் கண் கலங்கிவிட்டது, என் கண்ணும்தான்.

அதன்பிறகு இரண்டு இடத்துக்குப் போனாள். ஒன்றில் கிடைக்கவில்லை. இன்னொன்றில் கடைசிச் சுற்று வரை போய்ப் பதிலுக்குக் காத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் வேலை கிடைத்துவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இரண்டு இடத்திலும் குழுவினர் நோட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள், ஒரு கேள்விக்குக்கூட இவள் தடுமாறவில்லை.

நீங்கள் சொல்லிக்கொடுக்கும் முறை, சூழல், பொறுப்பு, செய்த செயல், கிடைத்த விளைவு என்று வரிசையாகச் சொல்லும் அந்த முறை, நல்ல முறைதான். குழுவில் இருப்பவர் மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு கேட்கிறார், வரிசையாகச் சொன்னால் அவருக்கு எழுத வசதி. அதைத் தொடர்ந்து சொல்லிக்கொடுங்கள். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் போட மாதிரிக் கதையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறீர்களே, அங்கேதான் எனக்கு வருத்தம். ஒரே மண்டபத்தில் உட்கார்ந்த நாற்பது பேரும் ஒரே மாதிரி மாணவர் விழாவை நடத்தியிருக்கிறார்கள், எல்லாருக்கும் கடைசி நிமிடத்தில் ஒலிபெருக்கி கெட்டுப்போயிருக்கிறது.

இயந்திரவியல் பையனின் சிக்கல் வேறு. அவன் பொய் சொல்லவில்லை, தன்னையே காணாமல் போக்கிவிட்டான். தைப்பூசத்துக்கு அவன் கூட்டாளிகளோடு தண்ணீர்ப் பந்தல் போடுவான். அதைப் பற்றிச் சொல் என்றால், "நாங்க செஞ்சோம், எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்" என்பான். "அதில் உன் கை எது?" என்று கேட்டேன். பதில் வர ரொம்ப நேரம் ஆனது. முந்தைய வருடம் பனிக்கட்டி மதியத்துக்குள் தீர்ந்துபோனதாம். இந்த முறை எத்தனை மூட்டை, எத்தனை மணிக்கு, எந்தக் கடையிலிருந்து வர வேண்டும் என்று அட்டவணை போட்டது இவன். தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் மாட்டி, ஒரே நேரத்தில் ஆறு பேர் பிடிக்கும்படி செய்ததும் இவன். "நான் செஞ்சேன்னு சொன்னா கூட்டாளிங்க என்ன நினைப்பாங்க டீச்சர்?" என்கிறான். அந்தக் கூச்சம் நல்ல குணம், அதைக் கேலி செய்யாதீர்கள். "நாங்கள் பந்தல் போட்டோம், அதில் குழாய் வேலை என் பொறுப்பு" என்று சொல்லலாம் என்றேன். கூட்டாளிகளுக்கும் துரோகம் இல்லை, கேட்பவருக்கும் ஆள் தெரிகிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்க அவன் பத்துத் தடவை பழகினான்.

அவனுக்குப் பதிவு செய்து அனுப்பும் காணொளி நேர்காணல் வந்தது. எதிரில் ஆள் இல்லை. கேள்வி திரையில் வரும், யோசிக்கக் கொஞ்ச நேரம், பிறகு தானாகவே பதிவு ஆரம்பித்துவிடும். என் முன்னறையில்தான் செய்தான். மடிக்கணினியை இரண்டு மைலோ டின் மேல் தூக்கி வைத்தோம். மின்விசிறியை நிறுத்தியதும் வியர்த்தது. பின்னால் சேவல் கூவியது. முதல் ஒத்திகையில் அவன் பேச்சு அவன் பேச்சாகவே இல்லை. எங்கோ கேட்ட வெள்ளைக்கார உச்சரிப்பைப் போட்டு, வாய் ஒரு பக்கம் இழுத்து, கண் திரையில் தெரியும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் என் ஒட்டுப் பொட்டு ஒன்றை எடுத்துக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கணினிக்குப் பின்னால் நாற்காலி போட்டு நானே உட்கார்ந்தேன். "பொட்டைப் பார், என்கிட்ட சொல்லு. நான் உன் இங்கிலீஷ் டீச்சர், உன் இங்கிலீஷ் எப்படின்னு எனக்குத் தெரியும்" என்றேன். மெதுவாக, தெளிவாக, மலேசிய ஆங்கிலத்தில், இலக்கணம் பிசகாமல் பேசினான். வேகம் குறைந்ததும் முகத்தில் அவன் வந்துவிட்டான். அந்தப் பொட்டு இன்னும் அந்தக் கணினியில் இருக்கிறது.

உடை, காலணி, எண்ணறிவுச் சோதனை பற்றியெல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

புகுமுக வகுப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவர்களில் சிலர், மலாய் போதாமல் இடைநிலைப்பள்ளியில் அந்த ஒரு வருடத்தைக் கூடுதலாகப் படித்திருப்பார்கள். வயதைக் கணக்குப் பார்க்கும் குழு கேட்கும். ஒரு பட்டறையில் அந்த வருடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஏன்? மூன்றாவது மொழியில் பாடம் படிக்க ஒரு வருடம் எடுத்துக்கொண்டு, அதன்பிறகு அதே மொழியில் ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். தேர்வு வரை போன பிள்ளை எதற்கு வெட்கப்பட வேண்டும்? இரண்டு வரியில் நேராகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நானே அந்த வகுப்பில் உட்கார்ந்தவள்தான்.

பெயர் விஷயம் கொஞ்சம் கனமானது. இன்னாரின் மகள் என்று பொருள்படும் "அனாக் பெரெம்புவான்" போட்டு வரும் நீண்ட பெயரைச் சுருக்கி, ஆங்கிலப் பெயர் மாதிரி ஒன்றை மேலே போடச் சொன்னீர்கள். நீங்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். லீ ஹுவோக் ஆன், முகமட் அப்துல் காலிட் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள், இந்த நாட்டில் கணக்கியல், பொறியியல் வேலைகளுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2016-இல் அது வெளிவந்தது. மலாய்ப் பெயரில் போனவற்றைவிடச் சீனப் பெயரில் போனவற்றுக்கு அழைப்பு நிறைய வந்தது. இந்தியப் பெயர்கள் அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் தற்குறிப்பைப் புரட்டும் கை பெயரிலேயே நின்றுவிட முடியும் என்பது அதிலிருந்து தெரிகிறது.

அப்படி இருக்கும்போது, யார் எதைச் செய்வது? கூப்பிடும் பெயர் ஒன்றை வைத்துக்கொள்வது பிள்ளையின் விருப்பம். வீட்டிலும் அவளுக்குச் செல்லப் பெயர் உண்டு, அலுவலகத்திலும் ஒன்று இருக்கட்டும். ஆனால் அப்பா பெயரை எடுத்துவிட்டு வா என்று ஒரு தமிழரே ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது. உங்களில் பாதிப் பேர் இன்றைக்கு மனிதவளப் பிரிவில் இருக்கிறீர்கள். விண்ணப்பங்களை முதலில் வடிகட்டும்போது பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டுப் படிக்கலாமே என்று உங்கள் அலுவலகக் கூட்டத்தில் ஒருமுறை கேளுங்கள். மறுப்பார்கள், மறுபடி கேளுங்கள். இருபத்து மூன்று வயதுப் பெண்ணால் முடியாதது உங்களால் முடியும். அவளை வளையச் சொல்வதற்கு முன் அந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொல்லச் சொல்வதையும் நிறுத்துங்கள். சென்ற ஆண்டு ஒரு பையன், "எங்கே அனுப்பினாலும் போவாயா?" என்ற கேள்விக்கு, நீங்கள் சொன்னபடி, கண்ணைச் சிமிட்டாமல் "போவேன்" என்றான். வேலை கிடைத்தது, கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் போட்டார்கள். அவன் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு, அழைத்துப்போக வேறு ஆள் இல்லை. நான்கு மாதத்தில் விட்டுவிட்டு வந்தான். இப்போது தற்குறிப்பில் அந்த நான்கு மாதத்தை எப்படிச் சொல்வது என்று என் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். "முதல் இரண்டு ஆண்டு பேராக்குக்குள் இருக்க வேண்டிய குடும்ப நிலை, அதன்பிறகு எங்கும் வரத் தயார்" என்று சொல்லியிருந்தால் அந்த வேலை கிடைக்காமல் போயிருக்கலாம். போயிருந்தால்தான் என்ன? அவனுக்கு ஏற்ற இன்னொன்றைத் தேட நான்கு மாதம் மிஞ்சியிருக்கும்.

நேரம் இவர்களுக்கு எவ்வளவு நெருக்குகிறது என்றும் நினைத்துப் பாருங்கள். அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் தலைமேல் நிற்கிறது. பட்டம் வாங்கிய பிள்ளை வீட்டில் சும்மா இருப்பதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளி (ரிங்கிட்). பட்டதாரிக்கும் அதைத்தான் கொடுப்போம் என்று சொல்லும் இடங்களுக்குக்கூட வரிசை நிற்கிறது. இந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் ஒரே தற்குறிப்பை இருநூறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். நான் என் பிள்ளைகளிடம் வாரத்துக்கு மூன்று இடம் போதும் என்கிறேன். அந்த நிறுவனம் என்ன விற்கிறது, யாருக்கு விற்கிறது, அந்த வேலையில் திங்கட்கிழமை காலையில் போய் என்ன செய்வாய் என்று எனக்குத் தமிழில் சொல். சொல்ல முடிந்தால் விண்ணப்பி. தமிழில் சொல்லும்போது இணையப் பக்கத்து வாசகத்தை ஒப்பிக்க முடியாது, புரிந்திருந்தால்தான் வாயில் வரும். இதை உங்கள் பட்டறையிலும் செய்து பார்க்கலாம், ஒரு காசு செலவில்லை.

ஆகையால் உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த முறை சனிக்கிழமை காலை வராதீர்கள், வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிடுங்கள். கார் ஓட்ட அலுப்பாக இருந்தால் இ.டி.எஸ். ரயில் எங்கள் ஊரிலேயே நிற்கிறது, ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புகிறேன். மாதிரி விடைத் தாள்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். என் முன்னறையில் பன்னிரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், வாசலில் பாய் போட்டால் இன்னும் எட்டுப் பேர். அன்று மாலை நீங்கள் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிள்ளைகள் சொல்வதை மட்டும் கேளுங்கள், இடையில் திருத்தாமல். இரவுச் சாப்பாடு நான் பார்த்துக்கொள்கிறேன். மறுநாள் மண்டபத்தில் நீங்கள் பேசப்போவது அதற்குப் பிறகு வேறாக இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அந்தக் கணக்கியல் பெண்ணும் வருவாள். குறிப்பு நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நடுவில் கோடு போட்ட அந்தப் பக்கத்தை அவளே உங்களுக்குக் காட்டட்டும். செம்பனைக் கணக்கு எழுதிய பழைய நோட்டு ஒன்றையும் அவள் அம்மா பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாராம், அதையும் எடுத்து வரச் சொல்கிறேன்.

உங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை
சுங்கை சிப்புட், பேராக்